பாட்டியின் பட்டும் வெள்ளை மேடையும்

கேள்வி: இன்னும் எட்டு மாதத்தில் எனக்குக் கல்யாணம். பாட்டியின் கல்யாணப் பட்டு, 1966ல் எடுத்தது, வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. தாத்தா வாங்கிய ரெக்கார்டு பிளேயரும் நாற்பது இசைத்தட்டுகளும்கூட இருக்கின்றன. இவற்றை வைத்துப் பழைய காலத்து அழகில் கல்யாணம் செய்ய எனக்கு ஆசை. என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கோ எல்லாம் வெள்ளையாக, நேர்கோடாக, அலங்காரம் குறைவாக இருக்க வேண்டும். பெரிய திரை, நேரலை எல்லாம் வேண்டும். "பாதி உன் இஷ்டம், பாதி என் இஷ்டம்" என்று முடிவு செய்திருக்கிறோம். அம்மாவோ "நல்ல நாளில் பழசு எதற்கு" என்கிறார். போனில் முந்நூறு படம் சேர்த்துவிட்டேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. நாடக செட் மாதிரி ஆகாமல் பழையதையும் புதியதையும் கலப்பது எப்படி? பட்டை உடுத்தலாமா? பழைய கார் ஒன்றும் வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கிறோம். எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த முந்நூறு படங்களை மூடி வையுங்கள். அழிக்க வேண்டாம், மூடினால் போதும். அப்புறம் அந்தப் பாதிக்குப் பாதி ஒப்பந்தத்தையும் கிழித்துப் போடுங்கள். கல்யாண அலங்கார வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். சரிபாதியாகப் பிரித்த எந்த மேடையும் நன்றாக அமைந்து நான் பார்த்ததில்லை. இடது பக்கம் மரப்பெட்டியும் லாந்தரும், வலது பக்கம் கண்ணாடியும் வெள்ளை விளக்கும் வைத்தால், ஒரே இடத்தில் இரண்டு கல்யாணம் நடக்கிறதோ என்றுதான் வருகிறவர்களுக்குத் தோன்றும். ஒரு பாணி வீட்டுக்காரராக இருக்க வேண்டும், இன்னொன்று விருந்தாளியாக வர வேண்டும். வீட்டுக்காரர் ஒதுங்கி நின்று இடம் கொடுப்பார். எல்லார் கண்ணும் விருந்தாளிமேல் இருக்கும்.

உங்கள் விஷயத்தில் யார் எது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அவர் கேட்கும் வெள்ளையும் நேர்கோடும் வீட்டுக்காரர். பாட்டியின் பட்டு விருந்தாளி. உங்களை விட்டுக்கொடுக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இதில் லாபம் உங்களுக்குத்தான். வேலைப்பாடு நிறைந்த துணி, வேலைப்பாடு நிறைந்த பின்னணியில் தொலைந்து போகும். வெறும் சுவருக்கு முன்னால் அதன் ஒவ்வொரு இழையும் தெரியும்.

ஆனால் எந்த வெள்ளை என்பதை இப்போதே பேசிவிடுங்கள். இன்றைக்கு விற்கும் பளீர் வெள்ளைத் துணிகள் பலவற்றில், புற ஊதா ஒளியை வாங்கி லேசான நீலமாகத் திருப்பி அனுப்பும் வெண்மையூட்டிகள் சேர்த்திருக்கிறார்கள். சலவைத்தூள் விளம்பரங்களில் வரும் அந்த மின்னும் வெள்ளை அதுதான். அதன் பக்கத்தில் அறுபது வயதுப் பட்டை நிறுத்தினால் பட்டு அழுக்காகத் தெரியும். பட்டில் ஒரு குறையும் இருக்காது, பக்கத்து வீட்டுக்காரர் சரியில்லை, அவ்வளவுதான். தந்த நிறத்தை ஒட்டிய வெள்ளையை எடுங்கள். துணிக்கடைக்குப் போகும்போது பட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பின்னணித் துணியின் மாதிரித் துண்டுகளை வீட்டுக்கு வாங்கி வந்து, பகலில் ஒரு முறை, ராத்திரி விளக்கில் ஒரு முறை பட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, நாடக செட் பயத்துக்கு வருவோம். அது நியாயமான பயம். "விண்டேஜ்" என்று தேடினால் வருகிற படங்களில் கூம்பு வைத்த கிராமபோன், டைப்ரைட்டர், தோல் பெட்டி, லேஸ் துணி, சணல் கயிறு எல்லாம் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும். உண்மையில் எந்த வீட்டிலும் இவை அப்படிச் சேர்ந்து இருந்ததில்லை. கூம்பைப் பெட்டிக்குள் மறைத்த கிராமபோன் 1906லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வந்தது 1948ல், கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோ 1954ல். 1966ல் உங்கள் பாட்டியின் கல்யாணத்தில் யாராவது கூம்பு கிராமபோனைக் கொண்டுவந்து வைத்திருந்தால், "இந்தக் கிழட்டுச் சாமானை யார் தூக்கி வந்தது" என்று அவரே கேட்டிருப்பார்.

வியாபாரிகளிடம் பொதுவாக ஒரு கணக்கு உண்டு. நூறு வயது தாண்டினால் ஆன்டிக். இருபதிலிருந்து நூறு வரை விண்டேஜ். இன்றைக்குச் செய்து பழசு மாதிரி காட்டினால் ரெட்ரோ. (இந்தக் கணக்குப்படி நீங்கள் பள்ளியில் படித்தபோது வீட்டில் இருந்த சின்ன டிஜிட்டல் கேமராகூட விண்டேஜ்தான். சிரிக்காதீர்கள், அதைத் தேடித் தேடி வாங்குகிற இளைஞர்கள் இருக்கிறார்கள்.) நான் என் வேலையில் ஆன்டிக்கும் விண்டேஜும் எடுப்பேன், புத்தம்புதியதும் எடுப்பேன். ரெட்ரோவைத்தான் கூடுமானவரை தவிர்ப்பேன். புதுத் தாளை டீயில் நனைத்துப் பழுப்பாக்குவது, புது மரத்தைத் தேய்த்து உதிர்ந்த மாதிரி செய்வது, நேற்று எடுத்த போட்டோவுக்குப் பழுப்பு நிறம் ஏற்றுவது. நாடக செட் வாடை வருவது இங்கிருந்துதான். உண்மையான பழைய பொருள் ஒன்று பக்கத்தில் இருந்தால், போலிப் பழசு பத்தும் ஒரு நொடியில் மாட்டிக்கொள்ளும்.

அந்தப் பழுப்பு நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பலவற்றில் அது வயதால் வந்த நிறம் இல்லை. படத்தில் இருக்கும் வெள்ளியை வெள்ளி சல்பைடாக மாற்றினால் படம் நீண்ட காலம் மங்காமல் இருக்கும். அப்படிச் செய்யும்போது கறுப்பு பழுப்பாகிறது. அன்றைய ஸ்டூடியோக்காரர், பேரப்பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று படத்துக்குக் கொடுத்த காப்பு அது. நாம் அதைப் பழமையின் முத்திரையாக ஆப்பில் ஒரு பொத்தானாக்கி வைத்திருக்கிறோம்.

உங்கள் வருங்காலக் கணவர் "புதுசு" என்று நினைக்கும் விஷயங்களின் வயதையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மணப்பெண் வெள்ளை உடுத்துவது உலகம் முழுக்கப் பரவியதற்கு, விக்டோரியா அரசி 1840ல் தன் கல்யாணத்துக்கு வெள்ளை உடுத்தியது ஒரு பெரிய காரணம். அதற்கு முன் ஐரோப்பாவிலேயே பெண்கள் தங்களிடம் இருந்த நல்ல கலர் உடையில்தான் பெரும்பாலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அலங்காரத்தை உதறிய நேர்கோட்டு வடிவமைப்பைக் கற்றுக்கொடுத்த பௌஹாஸ் பள்ளி ஜெர்மனியில் தொடங்கியது 1919ல். இன்றைக்கும் பளிச்சென்று நவீனமாகத் தெரியும் ஃபியூச்சுரா எழுத்துரு வெளியானது 1927ல். ஆக, நீங்கள் பழசு என்று பெட்டியில் வைத்திருக்கும் பட்டைவிட, அவர் புதுசு என்று கேட்கும் நேர்கோடு ஏறக்குறைய நாற்பது வயது மூத்தது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், சண்டை பாதி அடங்கிவிடும். 1966ல் அந்தப் பட்டு கடையின் அலமாரியிலிருந்து அப்போதுதான் இறங்கிய புதுச் சரக்கு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பட்டு. உடுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதில் துணியிடம்தான் இருக்கிறது, எப்படிக் கேட்பது என்று மட்டும் நான் சொல்கிறேன். பகல் நேரத்தில், ஜன்னலோரம் ஒரு மேஜையில் துவைத்த பருத்தித் துணியை விரியுங்கள். மோதிரம், வளையல் எல்லாம் கழற்றி வையுங்கள். பட்டை உதறாமல் மடிப்பு மடிப்பாகப் பிரியுங்கள். பழைய பட்டு முதலில் போவது மடிப்புக் கோட்டில்தான். ஐம்பது அறுபது வருடம் ஒரே கோட்டில் மடங்கிக் கிடந்த இழை, பென்சிலால் கோடு போட்ட மாதிரி வரிசையாக அறுந்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு பேர் உள்ளங்கையில் ஏந்தி, மடிப்பு இருக்கும் பகுதியை ஜன்னலுக்கு எதிரே காட்டுங்கள். ஊசிமுனை அளவில் வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால், அந்த இடத்தில் பட்டு போய்விட்டது, ஜரிகை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியே தெரியாத ஓரத்தில் விரல்களுக்கு நடுவே லேசாக, மிக லேசாக, இழுத்துப் பாருங்கள். காய்ந்த இலை நொறுங்கும் சத்தமோ விரலில் தூளோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதை இனி உடுத்த முடியாது.

கறை இருந்தால் நீங்களே தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டாம். பட்டில் தண்ணீரே ஒரு கறை. சாயமும் ஓடலாம். பழுப்புத் திட்டுகள் பெரும்பாலும் வியர்வை அல்லது அன்று சிந்திய இனிப்பாக இருக்கும். சர்க்கரை சிந்திய அன்று கண்ணுக்குத் தெரியாது, வருடக் கணக்கில் காத்திருந்து பழுப்பாக வெளியே வரும். பழந்துணிகளைக் கையாளத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். தெருமுனை சலவைக்கடைக்கு இது போகக்கூடாது.

துணி தாங்கும் என்றால், பலவீனமான இடங்களுக்குப் பின்னால் மெல்லிய வலைத் துணி வைத்துத் தைத்து, ஒரு மணி நேரம், அதிகம் போனால் இரண்டு மணி நேரம் உடுத்துங்கள். முழு நாளுக்கும் வேண்டாம். ஆடுவதற்கும் கட்டிப்பிடித்து வாழ்த்து வாங்குவதற்கும் வேறு உடை. வாசனைத் திரவியத்தைப் பட்டு உடுத்துவதற்கு முன்பே போட்டு உலரவிடுங்கள். ஊக்கு குத்த வேண்டியிருந்தால் பின்னால் வைத்த துணியையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி குத்த வேண்டும். இரண்டு மாதம் முன்னால் ஒரு கால் மணி நேரம் உடுத்தி உட்கார்ந்து, எழுந்து, கையைத் தூக்கிப் பாருங்கள். கிழிவதாக இருந்தால் அன்றைக்கே கிழியட்டும்.

சின்ன மாற்றங்கள் செய்ய நான் பயப்பட மாட்டேன். 2020ல் பிரிட்டன் இளவரசி பீட்ரிஸ், தன் பாட்டி இரண்டாம் எலிசபெத் அரசி 1960களில் அணிந்த கவுனைத்தான் கல்யாணத்துக்கு அணிந்தார். அப்படியே எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. கையில்லாத அந்தக் கவுனுக்கு மெல்லிய துணியில் குட்டைக் கை வைத்துத் தைத்தார்கள். பட்டோடு சேர்த்துப் போட நீங்கள் புதிதாக ஏதாவது தைப்பதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். நிறம் கிட்டத்தட்டப் பொருந்துவது மாதிரி எடுக்காதீர்கள். அறுபது வருடம் மங்கிய நிறத்துக்குச் சரியான ஜோடி எந்தக் கடையிலும் கிடைக்காது. கிட்டத்தட்டப் பொருந்துவது தவறு நடந்த மாதிரி தெரியும். நன்றாக விலகிய நிறம் யோசித்து எடுத்த மாதிரி தெரியும்.

துணி தாங்காது என்றால்? வெட்டிப் பையாகவும் ரிப்பனாகவும் தைத்துவிடலாம் என்று நாலு பேர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக, பட்டின் ஓரத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு உருவத்தைத் தேர்ந்தெடுங்கள். பறவையோ பூவோ வெறும் கட்டமோ, எது இருந்தாலும் சரி. அதைப் பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து படமெடுத்து, வடிவமைப்பாளரிடம் கொடுத்து, கோட்டோவியமாக வரைந்து வாங்குங்கள். அந்த ஒரே கோட்டோவியம் அழைப்பிதழில் விரல்நகம் அளவில் வரட்டும். மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்தில், வெள்ளையில் வெள்ளையாகப் புடைத்து நிற்கட்டும். அவர் கேட்கும் பெரிய திரையில், நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் மெல்லக் கோடு கோடாக வரைந்துகொண்டு வரட்டும். அவர் கேட்ட வெள்ளையும் வெறுமையும் நேர்த்தியும் அங்கே அப்படியே இருக்கும். ஆனால் உங்கள் பாட்டி உள்ளே நுழைந்ததும் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடுவார். பட்டு உடுத்தத் தகுந்ததாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் நல்ல யோசனை இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவதே.

அழைப்பிதழை அச்செழுத்து முறையில் (லெட்டர்பிரஸ்) அடிக்கலாம். கனமான பருத்தித் தாள், ஒரே மை, நேர்கோட்டு எழுத்து, அந்தச் சின்ன உருவம். தாளில் எழுத்து பள்ளமாகப் பதிய வேண்டும் என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அந்தக் கால அச்சகங்களில் அப்படிப் பதிந்தால் முதலாளி திட்டுவார். எழுத்து தாளை முத்தமிட்ட மாதிரி பட்டும் படாமலும் இருப்பதுதான் அன்றைய கைத்திறன். உங்களுக்குப் பள்ளம் பிடித்தால் பள்ளமே வையுங்கள், அதில் தவறில்லை. க்யூஆர் குறியீட்டை மட்டும் அந்தத் தாளில் பள்ளமாகவோ தங்க மையிலோ அடிக்காதீர்கள். கேமராவுக்கு அடர்நிறமும் வெளிர்நிறமும் தெளிவாகப் பிரிய வேண்டும், சுற்றிலும் வெற்றிடம் வேண்டும், குறியீட்டின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. வழவழப்பான தனி அட்டையில் கறுப்பில் அடித்து உள்ளே செருகிவிடுங்கள். இணைய முகவரி சின்னதாக இருந்தால் குறியீட்டில் கட்டங்கள் குறைந்து எளிதாகப் படிக்கும். மொத்தமாக அடிப்பதற்கு முன், உறவினர்களில் மிகப் பழைய போன் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு ஒரு முறை படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

இசைத்தட்டுகள் விஷயத்தில் நான் ஒரு முறை சூடுபட்டிருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் மேடை ஓரமாகவே ரெக்கார்டு பிளேயரை வைத்து, அதன் ஒலியைப் பெரிய ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்தோம். வீட்டில் கேட்டபோது தேன் மாதிரி இருந்த பாட்டு, அங்கே அரை நிமிடத்தில் காட்டு யானை மாதிரி பிளிறத் தொடங்கிவிட்டது. ஊசி தட்டை மட்டும் படிப்பதில்லை. பலகையின் அதிர்வையும் படிக்கும். ஸ்பீக்கர் அதிர்ந்து, பலகை அதிர்ந்து, அதை ஊசி படித்து, மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பி, அது பெருகிக்கொண்டே போகும். பக்கத்தில் யாராவது துள்ளினால் ஊசியும் துள்ளும். அன்றைக்கு நான் மேடை ஓரம் மண்டியிட்டு ஒயரைப் பிடுங்கிய காட்சி நேரலையிலும் போனது.

அதனால் இப்போதே தட்டுகளின் நடுவில் இருக்கும் காகிதத்தைப் பாருங்கள். 78, 45, 33 என்று வேகம் போட்டிருக்கும். 78 போட்ட தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை, கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். அவற்றின் பள்ளம் எல்பியைவிட அகலம் என்பதால் அதற்கென்று தனி ஊசி வேண்டும். எல்பி தட்டை, எஃகு ஊசி போட்ட பழைய கிராமபோனில் மட்டும் வைத்துவிடாதீர்கள், ஒரே ஓட்டத்தில் தட்டைக் கீறிக் கெடுத்துவிடும். பிடித்த பத்துப் பன்னிரண்டு பாட்டை வீட்டு அமைதியில் நல்ல ஊசியில் ஓட்டி, கோப்பாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த லேசான கரகரப்பைச் சுத்தம் செய்ய வேண்டாம். பெரிய ஸ்பீக்கரில் அந்தக் கோப்புகள் போதும். பிளேயரை நுழைவாயில் பக்கம், கனமான மேஜையில், அதன் சொந்தச் சின்ன ஒலியோடு வையுங்கள். எல்பியின் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும், ஆட்கள் வந்து உட்காரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். முதல் தட்டில் ஊசியைப் பாட்டி கையால் வைக்கச் சொல்லுங்கள்.

விளக்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. பழையதும் புதியதும் ஒட்டுவதும் ஒட்டாததும் பாதி விளக்கால்தான். விளக்கின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். மெழுகுவத்தி சுமார் 1,900, வீட்டு மஞ்சள் பல்பு சுமார் 2,700, பகல் வெளிச்சம் சுமார் 5,500. மேடையில் 5,500 வெள்ளையும் பக்கத்தில் இழை தெரியும் மஞ்சள் பல்பும் போட்டால், உங்கள் முகத்தின் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் ஆரஞ்சு. எந்தக் கேமராவாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் சரி செய்ய முடியாது. மேடை முழுக்க 2,700 முதல் 3,000 வரை ஒரே நிறத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜரிகை அந்த வெளிச்சத்தில்தான் உயிரோடு இருக்கும். இன்னொன்று, மலிவான எல்இடி விளக்குகளை மங்கலாக்கினால் வீடியோவில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். நேரலை வேறு வைத்திருக்கிறீர்கள். முந்தைய நாளே விளக்குகளைப் போட்டு, மங்கலாக்கி, போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்துப் பாருங்கள். துடிப்பு இருந்தால் தெரிந்துவிடும்.

போட்டோவுக்கு டிஜிட்டல்தான் முதுகெலும்பு. ஆசைக்கு ஃபிலிம் கேமரா ஒன்றை, அதைக் கையாளத் தெரிந்த நண்பரிடம் கொடுங்கள். ஒரு சுருளுக்கு 36 படம், மூன்று சுருள் 108. அதற்கு மேல் வேண்டாம். எண்ணி எடுக்க வேண்டும் என்பதால் எடுப்பவர் பார்த்து எடுப்பார். முக்கியமான நிமிடங்களை அதை மட்டும் நம்பி விடாதீர்கள். பாட்டியின் கல்யாணப் படத்தைத் திரையில் காட்டப் போகிறீர்கள் என்றால் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கேன் செய்யுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம்கூட 2,400க்கு 3,600 புள்ளிகளாக வரும், திரைக்குத் தாராளம். ஆப் வைத்து அதற்கு நிறம் ஏற்ற மட்டும் வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழலாம். எது எது என்று ஆப் ஊகிக்கத்தான் முடியும். ஒரு பெண் அப்படி நிறமேற்றிய படத்தைத் திரையில் போட்டபோது, முன்வரிசையில் இருந்த பாட்டி எழுந்து, "நான் பச்சை உடுத்தவே இல்லையே, அது அரக்கு" என்றார். உங்களிடம் பட்டே கையில் இருக்கும்போது ஊகம் எதற்கு?

கார் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் எடுங்கள். மூன்று முனை சீட் பெல்ட்டே 1959ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்களில் பெல்ட்டை எதிர்பார்க்க முடியாது. அந்த என்ஜின்களுக்கு ஊர்வல வேகம் ஆகாது. விசிறி என்ஜினின் சுழற்சியோடு கட்டப்பட்டிருப்பதால், மெதுவாகப் போகப் போகச் சூடேறும். நடுவழியில் நின்று மூடியைத் திறந்து ஆவி பறக்க நிற்கும் மணமக்களை நான் பார்த்திருக்கிறேன். போட்டோ நன்றாகத்தான் வந்தது, முகூர்த்த நேரம்தான் போய்விட்டது.

நாற்காலி, காற்று, கழிப்பறை, குடிதண்ணீர் இவற்றில் பழமை தேடாதீர்கள். என் கணக்கு எளிது. விருந்தினர் உடம்பில் படுவதெல்லாம் புதுசு, கண்ணிலும் காதிலும் படுவதில் பழசு. பழைய பிரம்பு நாற்காலி படத்துக்கு அழகு, அதில் மூன்று மணி நேரம் உட்காரும் பெரியப்பாவுக்கு இல்லை.

கடைசியாக அம்மா. "நல்ல நாளில் பழசு எதற்கு" என்பதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். உங்களுக்கு அந்தப் பெட்டி கதை. அவருக்கு அது வருடா வருடம் வெயிலில் படாமல் காற்றாட விரித்து, பூச்சி பார்த்து, திரும்ப மடித்து வைத்த வேலை. ஒருவேளை, புதுசு வாங்க முடியாமல் பழசையே உடுத்த நேர்ந்த நாட்களின் ஞாபகமாகவும் இருக்கலாம். எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன், பேத்திக்கு இனிப்பது மகளுக்குக் கசக்கும். அவரிடம் அனுமதி கேட்கிற தோரணையில் போகாமல், யோசனை கேளுங்கள். அந்தத் துணியைப் பற்றி உங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் அதிகம் தெரியும். அந்தக் கல்யாண நாளுக்கு அவருக்கென்று புத்தம்புதிய உடை ஒன்றும் எடுத்துக் கொடுங்கள், அவருக்கே பிடித்த நிறத்தில்.

இந்த வாரம் வேறெதுவும் செய்ய வேண்டாம். ஒரு பகல் வேளையில் பாட்டியையும் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டைப் பிரியுங்கள். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, "அன்றைக்கு உன் கல்யாணத்தில் எதெல்லாம் புதுசு, யாரும் அதுவரை பார்க்காதது எது" என்று பாட்டியிடம் கேளுங்கள். அவர் சொல்வதில் ஒன்று இரண்டு உங்கள் மேடைக்கு வந்து சேரும். மடிப்புக் கோடுகளையும் ஓரத்தையும் நெருங்கிப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், உடுத்துவதா வேண்டாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். திரும்ப வைக்கும்போது பிளாஸ்டிக் பையில் வேண்டாம், சாயமில்லாத பருத்தித் துணியில் சுற்றுங்கள். பழைய கோட்டிலேயே மடித்துவிடாதீர்கள். இரண்டு விரல் தள்ளி மடியுங்கள்.